வர்ஜீனியா கவர்னர் தேர்தல்: கருத்துக்கணிப்பைப் படிக்கப் பழகுவது எப்படி?

2021 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பள்ளி விடும்வரை பெற்றோர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். வர்ஜீனியா கவர்னர் தேர்தலுக்கு இரண்டே நாள்தான் பாக்கி. எல்லார் கைப்பேசியிலும் இரண்டு கருத்துக்கணிப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஃபாக்ஸ் நியூஸ் எடுத்தது, குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின் 53, ஜனநாயகக் கட்சியின் டெர்ரி மெக்காலிஃப் 45 என்றது. வாஷிங்டன் போஸ்ட்டும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஷார் பள்ளியும் சேர்ந்து எடுத்தது, மெக்காலிஃப் 49, யங்கின் 48 என்றது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தவை.

"அண்ணா, இதுல எதை நம்புறது?" என்று அப்போதுதான் குடியுரிமை வாங்கியிருந்த ஒரு தம்பி கேட்டான். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. செவ்வாய் இரவு யங்கின் 50.6 சதவீதம், மெக்காலிஃப் 48.6 சதவீதம் என்று முடிந்தது. இரண்டு கணிப்புக்கும் நடுவில் எங்கோ உண்மை இருந்திருக்கிறது. அந்தத் தம்பியின் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு நான் கற்றதை, இங்கே புதிதாக வாக்களிக்கப் போகிறவர்களுக்கும், ஊரிலிருந்து ஆர்வத்தோடு கவனிக்கிறவர்களுக்கும் படிப்படியாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மாநிலம் வர்ஜீனியா என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். பழகிவிட்டால் எந்த மாநிலத்துக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இந்தியாவில் ஆளுநர் நியமிக்கப்படுகிறவர். அமெரிக்காவில் கவர்னர் என்பவர் நம் ஊர் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துகிறவர், அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. அதனால் தமிழ்நாட்டுக் கணிப்புகளில் வருகிற பெரிய தலைவலி இங்கே இல்லை. வாக்கு சதவீதத்தை வைத்து யாருக்கு எத்தனை சீட் என்று மாற்றிக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் வெற்றிதான். ஜார்ஜியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் பாதிக்கு மேல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் சுற்று.

படி 1: கணிப்பைத் திறக்கும் முன் பழைய முடிவுகளை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில், இல்லையென்றால் ஒரு எக்செல் தாளில், கடைசி நான்கைந்து தேர்தல்களின் முடிவை எழுதுங்கள். இதைச் செய்யாமல் கணிப்பைப் பார்ப்பது, நோயாளியின் வழக்கமான ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமல் இன்றைய அளவை மட்டும் பார்ப்பது போல.

வர்ஜீனியாவுக்கு என் நோட்டில் இருப்பது இது. 2009இல் குடியரசுக் கட்சியின் பாப் மெக்டொனல் சுமார் 17 புள்ளி (அதாவது வாக்கு சதவீதத்தில் 17) வித்தியாசத்தில் ஜெயித்தார். 2013இல் மெக்காலிஃப் 2.5 புள்ளியில். 2017இல் ஜனநாயகக் கட்சியின் ரால்ஃப் நார்த்தம் 9 புள்ளியில். 2021இல் யங்கின் 2 புள்ளியில். 2025இல் ஜனநாயகக் கட்சியின் அபிகேல் ஸ்பான்பர்கர் 15 புள்ளியில். மாநிலத்தின் முதல் பெண் கவர்னர் அவர்.

இதற்குப் பக்கத்திலேயே அதிபர் தேர்தல் முடிவையும் எழுதுங்கள். 2020இல் பைடன் வர்ஜீனியாவில் 10 புள்ளி முன்னிலை பெற்றார். 2024இல் கமலா ஹாரிஸ் சுமார் 6 புள்ளி. இப்போது பாருங்கள்: 2020இல் 10 புள்ளி ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருந்த மாநிலம், ஒரே வருடத்தில் 2 புள்ளி எதிர்ப்பக்கம் போனது. 2024இல் 6 புள்ளியாக இருந்தது அடுத்த வருடமே 15 ஆனது. மக்கள் மனம் அப்படிக் குட்டிக்கரணம் போட்டதா? கொஞ்சம் மனமாற்றம் உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. அதற்கு அடுத்த படியில் வருகிறேன், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதே அதுதான்.

இன்னொரு பழைய கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா தன் கவர்னரை அதிபர் தேர்தலுக்கு அடுத்த வருடம் தேர்ந்தெடுக்கிறது. நியூ ஜெர்சியும் அப்படியே. வர்ஜீனியா கவர்னர் அடுத்தடுத்து இரண்டு முறை பதவி வகிக்க முடியாது, அதனால் பதவியில் இருப்பவர் மறுபடியும் நிற்கும் பேச்சே இல்லை. 1977 முதல் 2025 வரை 13 தேர்தல்கள் நடந்திருக்கின்றன. அவற்றில் 12இல், வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சி இருந்ததோ அந்தக் கட்சி வர்ஜீனியாவில் தோற்றது. ஒரே விதிவிலக்கு 2013. அதனால் கணிப்பே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு 'அதிபரின் கட்சி தோற்கும்' என்று சொன்னாலும் பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும். ஒரு கணிப்பு உங்களுக்குப் புதிதாக என்ன சொல்கிறது என்பதை இந்த அடித்தளத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும்.

படி 2: யார் வாக்களிக்க வருவார்கள் என்று கேளுங்கள்

2020 அதிபர் தேர்தலில் வர்ஜீனியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. 2021 கவர்னர் தேர்தலில் சுமார் 33 லட்சம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை. யார் அந்தப் பத்து லட்சம் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

இன்னொன்று பாருங்கள், முதல் முறை இதைக் கணக்குப் போட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. 2017இல் ஜெயித்த நார்த்தம் வாங்கியது சுமார் 14 லட்சம் வாக்கு. 2021இல் தோற்ற மெக்காலிஃப் வாங்கியது ஏறக்குறைய 16 லட்சம். தோற்றவர், நான்கு வருடத்துக்கு முன் ஒன்பது புள்ளியில் ஜெயித்தவரைவிட இரண்டு லட்சம் வாக்கு அதிகம் வாங்கியிருக்கிறார்! யங்கின் பக்கம் 16.6 லட்சம் பேர் வந்தார்கள், அவ்வளவுதான். 'ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வரவில்லை, அதனால் தோற்றார்கள்' என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். வந்தார்கள். மறுபக்கம் இன்னும் அதிகமாக வந்தார்கள்.

இப்போது அந்த ஃபாக்ஸ் நியூஸ் கணிப்புக்குத் திரும்புவோம். 53-45 என்பது 'வாக்களிக்க வாய்ப்புள்ளவர்கள்' மத்தியில் எடுத்த அளவு. அதே கணிப்பில், அதே நாட்களில், 'பதிவு செய்த வாக்காளர்கள்' எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் யங்கின் 48, மெக்காலிஃப் 47. ஒரே கணிப்பு, ஒரு இடத்தில் 8 புள்ளி, இன்னொரு இடத்தில் 1 புள்ளி. வாட்ஸாப்பில் வந்த படத்தில் 8 மட்டும்தான் இருந்தது.

பதிவு செய்த வாக்காளர் என்றால் பட்டியலில் பெயர் இருப்பவர். வாக்களிக்க வாய்ப்புள்ளவர் என்றால், நிறுவனம் சில கேள்விகள் கேட்டு 'இவர் வருவார்' என்று வடிகட்டி எடுத்தவர். இதற்கு முன் எத்தனை முறை வாக்களித்தீர்கள், இந்த முறை நிச்சயம் போவீர்களா, எவ்வளவு ஆர்வம் இருக்கிறது என்று கேட்பார்கள். சில நிறுவனங்கள் வாக்காளர் பட்டியலையே எடுத்து, கடந்த தேர்தல்களில் ஒருவர் வாக்களித்த வரலாற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஒவ்வொருவரின் சல்லடையும் வேறு. அதிபர் தேர்தலில் நிறையப் பேர் வருவதால் சல்லடை கொஞ்சம் மாறினாலும் பெரிய பாதிப்பு வராது. கவர்னர் தேர்தலில், அதுவும் வர்ஜீனியா போல அதிபர் தேர்தல் இல்லாத வருடத்தில் நடப்பதில், சல்லடைதான் முக்கால்வாசி வேலை செய்கிறது.

அதனால் எந்தக் கணிப்பைப் பார்த்தாலும் முதல் கேள்வி: இது யாரிடம் கேட்டது? பதிவு செய்தவர்களா, வர வாய்ப்புள்ளவர்களா? செப்டம்பர் தொடக்கம்வரை பதிவு செய்தவர்களிடம் கேட்பதும், பிறகு வர வாய்ப்புள்ளவர்களுக்கு மாறுவதும் பல நிறுவனங்களின் வழக்கம். அப்படி மாறும் வாரத்தில் ஒரு வேட்பாளர் 'திடீரென்று முன்னேறினார்' என்று செய்தி வரும். அவர் நகரவே இல்லை, சல்லடைதான் மாறியது. ஒரே நிறுவனத்தின் பழைய கணிப்போடு, ஒரே வகை வாக்காளர்களை வைத்து ஒப்பிடுங்கள்.

படி 3: பிழை வரம்பை இரண்டால் பெருக்குங்கள்

கணிப்பின் அடியில் சின்ன எழுத்தில் 'பிழை வரம்பு 4 புள்ளி' என்று இருக்கும், அதாவது உண்மை அந்த எண்ணைவிட 4 கூடவோ குறையவோ இருக்கலாம். சுமார் 600 பேரிடம் கேட்டால் இந்த அளவு வரும். 1,000 பேர் என்றால் 3 சொச்சம். 400 பேர் என்றால் கிட்டத்தட்ட 5.

பலரும் தடுமாறுகிற இடம் இது. அந்த 4 புள்ளி ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் தனித்தனியாகப் பொருந்தும். ஒருவர் 48, மற்றவர் 45 என்றால் முன்னிலை 3. அந்த முன்னிலைக்குப் பிழை வரம்பு ஏறக்குறைய 8. ஒருவருக்குக் கூடினால் பெரும்பாலும் மற்றவருக்குக் குறைகிறது, அதனால் இரட்டிப்பாகிறது. ஆக, உண்மையான நிலை '11 புள்ளி முன்னிலை' என்பதிலிருந்து '5 புள்ளி பின்தங்கல்' என்பதுவரை எங்கும் இருக்கலாம். மூன்று புள்ளி முன்னிலையைப் பார்த்துத் தூங்கப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னும் சிறிய குழுக்களுக்குப் போனால் நிலைமை மோசம். 'ஆசிய அமெரிக்கர்கள் மத்தியில் இவருக்கு 70 சதவீதம்' என்று ஒரு வரி வரும். 800 பேர் கணிப்பில் ஆசியர்கள் ஐம்பது அறுபது பேர் இருந்தால் அதிகம். அறுபது பேர் மாதிரியில் பிழை வரம்பு 13 புள்ளியைத் தொடும். நம்மவர்களைப் பற்றிய செய்தி என்பதால் நாம்தான் அதை அதிகம் பகிர்கிறோம், தயவுசெய்து நிறுத்தி யோசியுங்கள்.

இது எல்லாம் தற்செயல் பிழை மட்டும். கணக்கில் வராத பிழைகள் வேறு உண்டு. தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்கிறவர்களே குறைந்துவிட்டார்கள். பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2018இல் 6 சதவீதம். அந்த ஆறு பேரும் மற்ற தொண்ணூற்று நான்கு பேரைப் போலவே இருப்பார்களா? அதைச் சரிசெய்யத்தான் வயது, பாலினம், இனம், கல்வி எல்லாம் பார்த்து ஒவ்வொருவரின் பதிலுக்கும் எடை கூட்டிக் குறைக்கிறார்கள். 2016இல் பல மாநிலக் கணிப்புகள் கல்விக்கு எடை போடாமல் விட்டன. கல்லூரி முடித்தவர்கள் அதிகம் பதில் சொன்னதால், டிரம்ப் ஆதரவு குறைவாகத் தெரிந்தது. எனவே முறை விளக்கப் பக்கத்தில் 'கல்வி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். முறை விளக்கமே இல்லாத கணிப்பு என்றால் அப்படியே கடந்து போய்விடுங்கள்.

படி 4: சராசரியை எடுங்கள், அப்புறம் சராசரியையும் சந்தேகியுங்கள்

ஒரு கணிப்பைவிடப் பத்து கணிப்பின் சராசரி நல்லது. வர்ஜீனியாவில் ரோனோக் கல்லூரி, கிறிஸ்டோபர் நியூபோர்ட் பல்கலைக்கழகம், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் நெடுநாளாகக் கணிப்பு எடுக்கின்றன. கட்சிகளோ வேட்பாளர்களோ காசு கொடுத்து எடுத்ததைத் தனியாக வையுங்கள். தங்களுக்குச் சாதகமாக வந்ததைத்தான் அவர்கள் வெளியே விடுவார்கள்.

சரி, சராசரி எவ்வளவு தவறும்? வர்ஜீனியாவில் கடைசி நான்கு தேர்தல்களைப் பார்ப்போம். 2013இல் சராசரி மெக்காலிஃப் சுமார் 7 புள்ளி முன்னிலை என்றது, ஜெயித்தது 2.5இல். 2017இல் நார்த்தம் சுமார் 3 புள்ளி என்றது, ஜெயித்தது 9இல். 2021இல் யங்கின் ஒன்று முதல் இரண்டு புள்ளி என்றது, கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. 2025இல் ஸ்பான்பர்கர் சுமார் 10 என்றது, ஜெயித்தது 15இல். ஒரு முறை ஜனநாயகக் கட்சியைக் கூட்டிக் காட்டியது, இரண்டு முறை குறைத்துக் காட்டியது, ஒரு முறை சரி. நாலைந்து புள்ளி தவறுவது சாதாரணம், எந்தப் பக்கம் தவறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதைச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வதில்லை. 'போன முறை இவரைக் குறைத்துக் காட்டினார்கள், இந்த முறையும் நாலு புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்' என்பார்கள். இதற்கு நியூ ஜெர்சியைவிட நல்ல பதில் கிடையாது. 2021இல் அங்கே பதவியில் இருந்த கவர்னர் ஃபில் மர்ஃபிக்கு எதிராகக் குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லி நின்றார். மன்மத் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கணிப்பு மர்ஃபி 11 புள்ளி முன்னிலை என்றது. மர்ஃபி ஜெயித்தது 3 புள்ளி சொச்சத்தில். அந்தக் கணிப்பு மையத்தின் தலைவர் பேட்ரிக் மர்ரே பத்திரிகையில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. 2025இல் அதே சியாட்டரெல்லி மறுபடி நின்றார். எதிரில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில். சில கணிப்புகள் ஒரு புள்ளி வித்தியாசம்தான் என்றன. 'போன முறை மாதிரியே இவருக்கு மறைந்த ஆதரவு இருக்கிறது' என்று எத்தனை பேர் நம்பினார்கள்! ஷெரில் 13 புள்ளிக்கு மேல் ஜெயித்தார். ஒரே மாநிலம், ஒரே வேட்பாளர், பிழை எதிர்த்திசையில்.

சராசரியே வெற்றியாளரைத் தவறாகச் சொன்னதும் உண்டு. 2015இல் கென்டக்கியில் ஜாக் கான்வே முன்னிலை என்றன கணிப்புகள், மேட் பெவின் 9 புள்ளியில் ஜெயித்தார். 2018இல் ஃபுளோரிடாவில் ஆண்ட்ரூ கில்லம் முன்னிலை என்றன, ரான் டிசாண்டிஸ் 32,463 வாக்கில் ஜெயித்தார். 2022இல் அரிசோனாவில் காரி லேக் முன்னிலை என்றன, கேட்டி ஹாப்ஸ் 17,117 வாக்கில் ஜெயித்தார்.

படி 5: இரண்டையும் கூட்டிப் பாருங்கள், மிச்சத்தைக் கேளுங்கள்

இது ஒரு நிமிட வேலை. இரண்டு வேட்பாளர்களின் எண்ணைக் கூட்டுங்கள். 49-48 என்றால் 97. முடிவு செய்யாதவர்கள் யாருமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 44-39 என்றால் 83, பதினேழு பேர் எங்கேயோ இருக்கிறார்கள். ஐந்து புள்ளி முன்னிலை என்பதைவிட 50ஐத் தொட்டாரா என்பதே முக்கியம்.

மூன்றாவது வேட்பாளர் இருந்தால் அவர் எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வர்ஜீனியாவில் லிபர்டேரியன் என்ற சிறிய கட்சியின் ராபர்ட் சார்விஸ் சில கணிப்புகளில் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தார். வாக்குப்பெட்டியில் கிடைத்தது 6.5. பெரிய கட்சிகள்மேல் உள்ள கோபத்தைத் தொலைபேசியில் சொல்வது சுலபம். வாக்குச்சீட்டு கையில் வந்ததும் பலர் வீட்டுக்குத் திரும்புவதுபோலப் பழைய கட்சிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

படி 6: முன்கூட்டிய வாக்குகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வர்ஜீனியாவில் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்களிக்கத் தொடங்கலாம். தினமும் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கை வெளிவரும். அதைப் பார்த்து 'நம்ம பக்கம் அலை அடிக்குது' என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கேளுங்கள்: வர்ஜீனியாவில் வாக்காளர்கள் கட்சி சொல்லிப் பதிவு செய்வதில்லை, அப்படியிருக்க யார் எந்தக் கட்சி என்று எப்படித் தெரியும்? பகுதியையும் பழைய வாக்கு வரலாற்றையும் வைத்து ஊகிக்கிறார்கள். நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, அரிசோனா போன்ற மாநிலங்களில் கட்சிப் பதிவு உண்டு, அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அங்கேயும் முன்கூட்டி வாக்களித்தவர் புதிதாக வந்தவரா, செவ்வாய்க்கிழமை வரவேண்டியவர் முன்னாலேயே வந்துவிட்டாரா என்பது எண்ணிக்கையில் இருக்காது. கணிப்பின் சல்லடையைச் சோதித்துப் பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்: போன கவர்னர் தேர்தலின் இதே நாளைவிட எந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கூட்டம் அதிகம், எதில் குறைவு?

படி 7: உங்களுக்கென்று இரண்டு மூன்று கவுண்டிகளைத் தேர்ந்தெடுங்கள்

மாநிலம் முழுக்க 95 கவுண்டிகளும் 38 தனி நகரங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருவரால் பார்க்க முடியாது. நான் மூன்றைப் பார்ப்பேன்: என் கவுண்டியான லௌடன், தெற்கே ரிச்மண்டை ஒட்டிய செஸ்டர்ஃபீல்டு, கடற்கரையில் வர்ஜீனியா பீச்.

லௌடனைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்கிறேன். ஆஷ்பர்ன், சவுத் ரைடிங் என்று தமிழர்கள் நிறைய வாழும் பகுதிகள் இங்கேதான். ஒரு காலத்தில் இது குடியரசுக் கட்சியின் பக்கம் இருந்தது, 2009இல் மெக்டொனல் இங்கே எளிதாக ஜெயித்தார். அப்புறம் புதிய வீடுகள், தகவல் தொழில்நுட்ப வேலைகள், கூடவே எங்களைப் போன்ற குடியேறிகள். கவுண்டி மெல்ல நிறம் மாறியது. 2020இல் பைடன் இங்கே சுமார் 25 புள்ளி முன்னிலை. 2021இல் மெக்காலிஃப்பும் ஜெயித்தார், ஆனால் சுமார் 11 புள்ளியில்தான். பள்ளிக்கூடங்களைப் பற்றிய சண்டை இந்தக் கவுண்டியில்தான் உச்சத்தில் இருந்தது. பள்ளிகள் என்ன கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லக் கூடாது என்ற பொருளில் விவாத மேடையில் மெக்காலிஃப் சொன்ன ஒரு வாக்கியம், வேறு எந்தக் கவுண்டியைவிடவும் இங்கே வீட்டுக்கு வீடு பேசப்பட்டது.

அந்த இரவில் 'லௌடனில் மெக்காலிஃப் ஜெயிக்கிறார்' என்று கேட்டு மகிழ்ந்தவர்கள் உண்டு. நோட்டில் 25 என்று எழுதி வைத்தவர்களுக்கு 11ஐப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. 25 புள்ளியில் ஜெயித்த கவுண்டியில் 11 புள்ளியில் ஜெயித்தால், மாநிலத்தில் 10 புள்ளி முன்னிலை காணாமல் போயிருக்கும். 2025இல் ஸ்பான்பர்கர் லௌடனில் 60 சதவீதத்தைத் தாண்டினார். அதைப் பார்த்ததுமே மாநிலத்தில் நெருக்கமான போட்டி இருக்காது என்று தெரிந்துவிட்டது. அந்த வருடம் மத்திய அரசு வேலை வெட்டுகளும், அக்டோபர் 1இல் தொடங்கிய அரசு முடக்கமும் வட வர்ஜீனியாவின் வீடுகளை நேரடியாகத் தாக்கியிருந்தன. எங்கள் தெருவிலேயே சம்பளம் வராமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்.

ஒரு கவுண்டியை யார் ஜெயித்தார் என்று பார்ப்பதைவிட, போன முறையைவிட எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். மூன்று வெவ்வேறு வகைக் கவுண்டிகள் ஒரே திசையில் நகர்ந்தால் மாநிலமும் அப்படித்தான் நகர்ந்திருக்கும்.

படி 8: தேர்தல் இரவு

வர்ஜீனியாவில் மாலை 7 மணிக்கு வாக்குப்பதிவு முடியும், நியூ ஜெர்சியில் 8 மணிக்கு. முடிந்த நொடியே எக்ஸிட் போல் எண்கள் திரையில் வரும். முதலில் வருவது முழுமையானதல்ல, உண்மையான வாக்குகள் எண்ணப்பட எண்ணப்பட அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். 1989ஐ நினைவில் வையுங்கள். டக்ளஸ் வைல்டர் வர்ஜீனியா கவர்னராக நின்றார், அமெரிக்காவில் தேர்தலில் ஜெயித்த முதல் கறுப்பினக் கவர்னர் அவர்தான். எக்ஸிட் போல் அவர் 10 புள்ளி முன்னிலை என்றது. வாக்குகள் எண்ணி முடித்தபோது வித்தியாசம் ஏழாயிரத்துக்கும் குறைவு, மறு எண்ணிக்கைவரை போனது. வாக்களித்துவிட்டு வந்தவர்களில் சிலர் கேட்டவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்பது அன்று பலர் சொன்ன விளக்கம்.

அப்புறம் எண்ணும் வரிசை. சிறிய கிராமப்புறக் கவுண்டிகள் சீக்கிரம் முடித்துவிடும். ஃபேர்ஃபாக்ஸ் போன்ற பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் கவுண்டி நேரம் எடுக்கும். 2020இல் வர்ஜீனியாவில் முதல் சில மணி நேரம் டிரம்ப் முன்னிலையில் இருந்தார், முடிவில் பைடன் 10 புள்ளி. 2021இல் நியூ ஜெர்சியில் தேர்தல் இரவில் சியாட்டரெல்லி முன்னிலையில் இருந்தார், மறுநாள் மாலைதான் மர்ஃபி ஜெயித்ததாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது. முன்னிலை மாறியது மோசடி என்று குடும்பக் குழுவில் யாராவது அனுப்பினால், எந்தக் கவுண்டி இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்று பொறுமையாக எடுத்துக் காட்டுங்கள். எத்தனை சதவீதம் எண்ணப்பட்டது என்பதைவிட எங்கே மிச்சம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வர்ஜீனியாவில் கவர்னர், துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) மூவருக்கும் தனித்தனி வாக்கு. கவர்னர் கணிப்பை மற்ற இருவருக்கும் பொருத்தாதீர்கள். 2025இல் மூன்றையும் ஜனநாயகக் கட்சியே ஜெயித்தது, ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி துணை கவர்னர் ஆனார். ஆனால் அட்டர்னி ஜெனரலாக ஜெயித்த ஜே ஜோன்ஸின் வித்தியாசம் ஸ்பான்பர்கருடையதில் பாதிகூட இல்லை. அவருடைய சர்ச்சைக்குரிய பழைய குறுஞ்செய்திகள் அக்டோபரில் வெளிவந்திருந்தன.

படி 9: கணிப்பு எதுவாக இருந்தாலும் போய் வாக்களியுங்கள்

அந்தத் தமிழ்ப் பள்ளி வாசலில் நின்ற எங்களில் இரண்டு பேர் 2021இல் வாக்களிக்கவில்லை. ஒருவர், நம்மவர் எப்படியும் ஜெயிப்பார் என்று நினைத்தார். இன்னொருவர், நம்மவர் எப்படியும் தோற்பார் என்று நினைத்தார். இருவரும் ஆளுக்கு ஒரு கணிப்பைத்தான் பார்த்திருந்தார்கள். கென்டக்கியில் 2019இல் ஆண்டி பெஷியர் ஜெயித்தது 5,136 வாக்கில். நம் ஊரில் ஒரு பேரூராட்சி அளவுகூட இல்லை.

குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்த அன்றே வாக்காளர் பதிவையும் முடித்துவிடுங்கள். பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் இந்தத் தேர்தலில் வாக்களிக்கக் கூடாது, ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது வருகிற பதிவுக் கேள்விக்குத் தெரியாமல் 'ஆம்' என்று சொல்லிவிடாதீர்கள், குடியுரிமை விண்ணப்பத்துக்கே அது சிக்கலாகும்.

இதையெல்லாம் பழகிப் பார்க்க நல்ல நாள் 2026 நவம்பர் 3. அன்று 36 மாநிலங்களில் கவர்னர் தேர்தல். ஜார்ஜியா, அரிசோனா, மிச்சிகன், விஸ்கான்சின் நான்கும் அண்மை அதிபர் தேர்தல்களில் போட்டி நெருக்கமாக இருந்த மாநிலங்கள். அவற்றில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் வாழும் ஒரு மாநிலத்தை எடுத்து, 2018, 2022 முடிவுகளையும் மூன்று கவுண்டிகளையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் முதல் கணிப்பைத் திறங்கள்.